ஒரு யூனிட்டு கரண்டும் ஒரு கறவை மாடும்

வா கண்ணு, வா. அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. சுவிச்சைத் தட்டாத, தட்டுனாலும் ஓடாது. இன்னைக்கி எங்க லைனுக்கு மாசாந்தரப் பராமரிப்பு. காத்தால 9 மணிக்கு நிறுத்துனான், பொழுதோட 4 மணிக்குத்தான் உடுவான். பேப்பர்லயே போட்டிருந்துது. நம்மூரு பேரு பேப்பர்ல வர்றதே மாசத்துக்கு இந்த ஒருக்காத்தான், அதையும் படிக்காம உட்டா எப்புடி?

தூண்ல பனையோலை விசிறி சொருகியிருக்குது பாரு, எடுத்துக்க. அதுக்குச் சார்ஜு போட வேண்டியதில்ல. ஒரு கை வலிச்சா இன்னொரு கை இருக்குது, அதுதான் அதோட பேக்கப்பு.

என்ன, அந்தப் போனையே மொறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கற? காட்டு. ஓகோ, பொட்டி. வெய்யலைப் புடிச்சு அடைச்சு வெக்கிற பொட்டி. என்னமோ பேரு போட்டிருக்குதே... சோலார் பவர் ஸ்டேஷனா? ஏஞ்சாமி, பவர் ஸ்டேஷன்னா பைக்காராவும் மேட்டூரும்னுல்ல நாங்க நெனைச்சுக்கிட்டிருந்தோம். இப்ப அதுக்குக் கைப்பிடி வெச்சுட்டானுங்களாக்கும். வெலை என்ன? முணுமுணுக்காத, வாயத் தொறந்து சொல்லு. அட அப்பனே! பொள்ளாச்சிச் சந்தையில நல்ல கறவை மாடே வாங்கிப் போடலாமே. மாடுன்னாப் பாலு கறக்கும், சாணி போடும், கன்னு ஈனும். உன்ற பொட்டி கன்னு போடுமா?

சரி, மூஞ்சியத் தூக்காத. வேண்டாம்னு சொல்லல. வாங்கற மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கறதில்ல? சுழி பாக்கறதில்ல? அதையாட்ட இதையும் பாத்து வாங்குன்னு சொல்றேன். சந்தையில தரகன் துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேரம் பேசுவான். உன்ற போன்ல துண்டு இல்ல, எல்லாத்தையும் வெளிச்சத்துல எழுதியிருக்கறான். ஆனா புரியாத பாசையில எழுதியிருக்கறான், அதுவும் ஒரு துண்டுதான்.

இந்தா, இங்க என்ன போட்டிருக்குது? 1000-ன்னு பெருசா. எந்த 1000? வாட்டா, வாட்டவரா? முழிக்கிற பாரு. பெங்களூர்ல கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்கறவன், கடைக்காரன் 1000-ன்னதும் பூம்பூம் மாடாட்டத் தலையாட்டிட்டு வந்திருக்கற.

கெணத்துக்கிட்ட வா, காட்டறேன். எட்டிப் பாரு, உளுந்துறாத. உள்ள நிக்கிற தண்ணி இருக்குதே, அதுதான் வாட்டவரு. ஒரு நேரத்துல எத்தனை வேகமா அள்ளி மேல கொண்டாரலாம்னு ஒண்ணு இருக்குதே, அது வாட்டு. அந்தக் காலத்துல எங்கப்பன் மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டுவாரு. தண்ணி மொள்ற பறி சின்னதுன்னா, கெணறு நெறையத் தண்ணி நின்னாலும் வயலு பாயாது. பறி பெருசு, கெணறு வறண்டுதுன்னா, மாட்டுக்குத்தான் கால்வலி. அப்பறம் மூணாவது ஒண்ணு இருக்குது, ஊத்து. எறைச்சு உட்ட தண்ணி மறுபடி எத்தனை ஊறும்? அது நீ மேல விரிக்கிற சோலார் தகடு. நிக்கிற தண்ணி, எறைக்கிற வேகம், ஊறுற ஊத்து. மூணையும் கேக்காம கெணறு வாங்குனவன் கொங்கு நாட்டுல ஆரும் இல்ல. பொட்டி வாங்கறவன் மட்டும் கெணத்து மேட்டுல எத்தனை கலர் விளக்கு எரியுதுன்னு பாக்கறான்.

1000 வாட்டவருன்னா ஒரு யூனிட்டு. உங்கம்மிச்சிகிட்டச் சொல்லிராத, அவ வெசனப்படுவா. ஒரு கறவை மாட்டுக் காசைக் கொடுத்து நீ வாங்கறது ஒரு யூனிட்டுக் கரண்டு நிக்கிற கெணறு. மின்வாரியத்துல அந்த ஒரு யூனிட்டு ஒரு டீக் காசுக்குள்ள வந்துருது. அதுலயும் ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட்டு ஊட்டுக்குச் சும்மா. அதனால, "அப்புச்சி, இதுல பில்லு கொறையும்"னு மட்டும் எங்கிட்டக் கணக்குக் காட்டாத. தெனத்துக்கும் ரொப்பி, தெனத்துக்கும் காலி பண்ணுனாக்கூட ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட்டு. அந்தக் காசு திரும்பறதுக்குள்ள எனக்குக் காரியமே முடிஞ்சிருக்கும். இருட்டுல வெளிச்சம் வேணும்னா வாங்கு. மிச்சம் புடிக்கோணும்னா மாட்டை வாங்கு.

இன்னொரு கூத்தைப் பாரு. பக்கத்துப் பொட்டியில 2,00,000-ன்னு போட்டு, கீழ எறும்பாட்ட என்னமோ எழுதியிருக்கறான். மில்லி ஆம்பியராமா. ரெண்டு லச்சம்னதும் உனக்கு வாயி பொளந்துக்குச்சு. பாலு எத்தனைடான்னா, லிட்டரை உட்டுட்டுச் சொட்டை எண்ணிச் சொல்றான் அவன். அதை 1000-ல வகுத்தா 200 ஆம்பியர் மணி. உள்ள இருக்கற செல்லு 3.2 வோல்ட்டு. ரெண்டையும் பெருக்கு. எத்தனை? 640. வாட்டவருல 640, அவ்வளவுதான். லச்சம்னு ஆரம்பிச்சு நூத்துல வந்து நிக்குது பாத்தியா? எவன் பொட்டியில வாட்டவரைப் போடாம இந்தச் சொட்டுக் கணக்கை மட்டும் பெருசாப் போடறானோ, அவங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துரு.

வாட்டுலயும் இதே வேலை நடக்கும். "1200 வாட்டு"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். அது மோட்டாரு கெளம்பறப்ப ஒரு நொடி தாங்கற அளவு. நிலையாத் தர்றது 600-தான்னு அடியில பொடி எழுத்துல இருக்கும். எங்கூட்டுப் பக்கத்துல ஒருத்தரு வாலிபத்துல ஒரு மூட்டை நெல்லை ஒத்தையில தூக்குனேம்பாரு. தூக்குனது உண்மைதான். தூக்கிக்கிட்டு நடந்தாரான்னு கேக்கோணும்.

இந்தா, காலண்டர் தாளு. பின்னால எழுது. கரண்டு போனா உனக்கு என்னென்ன ஓடோணும்? பொட்டியைப் பத்திப் பேசறதை நிறுத்திப்போட்டு மொதல்ல இதைச் சொல்லு.

ஃபேனு ரெண்டு. ரைட்டு. பழைய ஃபேனா, புதுசா? அதென்ன கேள்வியா? அதுதான் சாமி கேள்வி. பழைய சீலிங் ஃபேனு 75 வாட்டு இழுக்கும். இப்ப வர்ற பி.எல்.டி.சி. ஃபேனு 30 வாட்டு, முன்னப்பின்ன. காத்தால 9-லருந்து 4 வரைக்கும் 7 மணி நேரம். பழைய ஃபேனு ரெண்டு ஓடுனா 1050 வாட்டவரு, உன்ற பொட்டி அங்கயே படுத்துரும். புது ஃபேனு ரெண்டு 420. ஃபேனை மாத்துன வெலையில பொட்டியோட அளவு பாதியாயிருது. ஓட்டைத் தொட்டிக்குப் பெரிய மோட்டார் வாங்கற கதை உனக்கு எதுக்கு? மொதல்ல ஓட்டையை அடை.

அப்பறம் அந்த வைபை டப்பா, 10 வாட்டு, 7 மணி நேரத்துக்கு 70. போனு மூணு, ஆளுக்கு 15-ன்னு வெய்யி, 45. டிவி 50 வாட்டு, உங்கம்மிச்சி சீரியலு ரெண்டு மணி நேரம், 100. கூட்டு. 635. அதோட முடிஞ்சுதுன்னு கோடு போடாத. வாய்க்கால்ல உட்ட தண்ணியை மண்ணு கொஞ்சம் குடிக்காம வயலுக்கு வருமா? பேட்டரிக் கரண்டை ஊட்டுக் கரண்டா மாத்தறப்ப 100-க்கு 15 அதுவே குடிச்சுரும். அப்ப உனக்கு வேண்டியது 750. ஆக, 1000 வாட்டவருப் பொட்டி உன்ற ஷட்டவுனுக்குத் தாராளம். 2000 எதுக்கு? பங்காளியூட்டுல வாங்கியிருக்கறான்னா? அதைச் சொல்லு மொதல்ல.

உள்ளருந்து உங்கம்மிச்சி என்ன சத்தம் போடறா? மிக்சி ஓடுமான்னு கேக்கறா. கேட்டா பாரு, நீ ரெண்டு மாசம் போன்ல தேடியும் கேக்காத கேள்வி! அவ மிக்சி 750 வாட்டு. அஞ்சே நிமிசம் சட்டினி அரைக்கிறா. குடிக்கிற கரண்டுன்னு பாத்தா 60 வாட்டவரு, ஒண்ணுமேயில்ல. ஆனா பொட்டியோட வாட்டு 500-ன்னா, உள்ள முழுக் கெணறு நின்னாலும் சட்டினி அரைபடாது. டப்புன்னு கட்டாயிரும். தண்ணி இருக்குது, பறி சின்னது. அதனால 1000 வாட்டாச்சும் நிலையாத் தர்றதாப் பாரு. கரண்டு எந்த ரகம்னும் பாத்துக்க, 'ப்யூர் சைன் வேவ்'னு போட்டிருக்கோணும். மொண்ணை அலை தர்ற மட்டமான சரக்குன்னா ஃபேனு ஓடறப்பவே வண்டு கத்தறாப்லக் கத்தும், மோட்டாரு சூடேறும்.

பிரிட்ஜு ஓடறப்ப 100, 150-தான் கேக்கும். கெளம்பறப்பப் பல மடங்கு கேக்கும். அதையும் மிக்சியையும் ஒண்ணாக் கெளப்பாத. பி.ஏ.பி. பாசன வாய்க்கால்ல நாலு மண்டலமாப் பிரிச்சு, இந்த வாட்டி உனக்கு, அடுத்த வாட்டி எனக்குன்னு தண்ணி உடறானில்ல? எல்லாரு மடையையும் ஒரே நாள்ல தொறந்தாக் கடைமடைக்காரன் கதி என்ன? ஊட்டுக்குள்ளயும் மண்டலம் பிரி. சட்டினி ஒரு மண்டலம், பிரிட்ஜு ஒரு மண்டலம்.

சூடு பண்ற சாமானை மட்டும் பொட்டிக்கிட்டக் கொண்டு போகாத. அயர்ன் பாக்ஸு 1000 வாட்டு. இண்டக்ஷன் அடுப்பு 2000. பொட்டி அதைத் தாங்குனாலும், ஒரு யூனிட்டு 25 நிமிசத்துல காலி. அந்த நேரத்துல ரசம் கொதிக்கும், பருப்பு வேகறதுக்குள்ள இருட்டாயிரும். அப்பறம் போர் மோட்டாரு ஓடுமான்னு கேக்கப் போற, மொகத்துலயே தெரியுது. அது 5 எச்.பி. சாமி, 3700 வாட்டுக்கு மேல, மூணு ஃபேஸு. உன்ற பொட்டி ஒத்தை ஃபேஸு. ஒத்தை மாட்டைக் கட்டி லாரியை இழுக்கப் போறியா?

உள்ள என்ன பேட்டரின்னு பாத்தியா? லித்தியம்னுட்டா முடிஞ்சுதா? மாடுன்னு சொன்னாப் போதுமா, என்ன மாடுன்னு கேக்க வேண்டாமா? ஊட்டு இன்வெர்ட்டருக்கு வெக்கறானே, ஈயமும் ஆசிட்டும் போட்ட பேட்டரி, அது எருமை. கனமான ஜீவன். அப்பப்பத் தண்ணி காட்டோணும், நெசமாவேதான், வடிநீரு ஊத்தோணும். முழுசாக் கறந்தாச் செத்துரும், பாதிதான் கறக்கலாம். ஆனா வெலை கம்மி. லித்தியத்துல ரெண்டு சாதி. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்டுப் போட்டது பந்தயக் குதிரை. எடை கம்மி, துள்ளும், ஆயுசு கம்மி, சூடேறுனா வேகமாப் பத்திக்கும். இரும்பும் பாஸ்பேட்டும் போட்டது நம்ம காங்கேயம். எடை சித்தெ எச்சு, ஆனா நின்னு ஒழைக்கும். ஆயிரக்கணக்குல ரொப்பிக் காலி பண்ணலாம், லேசுல கோவப்படாது. பாஸ்பேட்டுன்னா ஆரு? நம்ம காட்டுக்குப் போடற சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பங்காளிதான்.

அந்த இரும்புப் பாஸ்பேட்டு 1990-கள்ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜான் குடினஃப்ங்கற பெரியவரு கூட்டத்துல பொறந்த சரக்கு. லித்தியம் பேட்டரி வேலைக்காக 2019-ல அவருக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க, இன்னும் ரெண்டு பேரோட சேத்து. அப்ப அவரு வயசு 97. எனக்கு இன்னும் காலம் இருக்குதுங்கறதை உங்கம்மிச்சிகிட்டச் சொல்லு. பரிசு வாங்குனவரு பேச வேண்டிய பேச்சை அவருக்குப் பதிலா ஸ்வீடன்ல நின்னு பேசுனது ஆரு தெரியுமா? நம்ம தெக்கத்தி ஆளு, மதுரைப் பல்கலைக்கழகத்துல படிச்ச ஆறுமுகம் மந்திரம். பேரே மந்திரம்! இந்தப் பாஸ்பேட்டு வழிக்கு அடியெடுத்துக் கொடுத்ததுலயும் அவரு கை இருக்குது. நீ என்னடான்னா தமிழ்நாட்டுக்காரன் பேசி நிறுத்துன பேட்டரியை, ரகம் தெரியாம வெளம்பரப் பாட்டைக் கேட்டு வாங்கப் போற.

3000 தடவை தாங்கும்னு போட்டிருக்கறான்னா சொல்ற? நல்லது. மாசத்துக்கு ஒருக்கா ஷட்டவுனுக்கு மட்டும் எடுத்தா வருசத்துக்கு 12. 3000-ஐ 12-ஆல வகு. 250 வருசம். உன்ற பேரனுக்குப் பேரன் இதுல சட்டினி அரைப்பானாக்கும்! ஆகாது கண்ணு. ஓட்டுனாலும் ஓட்டாட்டியும் பேட்டரிக்கு வயசாகும். கட்டுத்தரையில சும்மா கட்டிப் போட்ட மாட்டுக்கு மட்டும் பல்லு உளுகாதா? இதை மனசுல வெய்யி, பின்னால இதுக்கு வர்றேன்.

இப்ப மேல வா, ஊத்துக்கு. தகடு 200 வாட்டுன்னு போட்டிருந்தா 200 வருமா? ஆலையில 25 டிகிரிச் சூட்டுல வெச்சு அளந்தது அது. நம்மூரு சித்திரை வெய்யல்ல கல்லு மேல வெச்சா, தகடே தோசைக்கல்லாயிரும். வெய்யலு எச்சா இருந்தா கரண்டு எச்சு வரும்னு நெனைப்ப. வெளிச்சம்தான் வேணும், சூடு ஏற ஏறக் கொறையும். 200-க்கு 140 வந்தா நல்ல தகடுன்னு கும்புட்டுக்க. நல்ல வெய்யலு 5 மணி நேரம்னு வெய்யி, 700 வாட்டவரு. அப்ப 1000 வாட்டவருக் கெணறு ரொம்ப ஒண்ணரை நாளு. "ரெண்டே மணி நேரத்துல புல்லாயிரும்"னு அவன் சொன்னது ஊட்டு பிளக்குல சொருகுனா. அது சூரியன் கணக்குல வராது. 'எம்.பி.பி.டி.'ன்னு ஒரு எழுத்து இருக்குதான்னும் பாரு. வெய்யலு ஏறி இறங்கறதுக்குத் தக்கனப் புடிச்சுக் கறக்கற வித்தை அது. அது இல்லாதவன் கொஞ்சம் பாலை மடியிலயே உட்டுருவான்.

தென்னை நெழலு ஆகாது. ஒத்தை மட்டை நெழலு தகட்டு மேல கோடாட்ட உளுந்தாலும், மொத்தத் தகடும் சோர்ந்துரும். ஏர்ல பூட்டுன மாட்டுல ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தனியா இழுக்குமா? உடுமலையில தென்னை நெழலு இல்லாத எடம் எங்க இருக்குதுன்னு கேக்கற. அதையும் பின்னால சொல்றேன்.

ஆடி மாசத்தை மறந்துட்டயே. பாலக்காட்டுக் கணவாயில காத்து பூந்தா, இங்க அம்மியே பறக்கும்னு சொலவடை. போன வருசம் ஒரு பையன் மடக்குத் தகட்டைக் களத்துல விரிச்சு வெச்சுட்டுச் சோறு திங்கப் போனான். திரும்பி வந்து பாத்தா, தகடு மூணாவது காட்டு முள்ளுவேலியில தொங்குது, துணி காயப்போட்டாப்ல. அதுல கூத்து என்னன்னா, நமக்கு மேகம் மூடி வெய்யலு கொறையற அதே மாசந்தான் வடக்கால பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காத்தாடி எல்லாம் வெறி புடிச்சு சுத்தும். அத்தனை கரண்டும் கம்பியில ஏறி எங்கெங்கியோ போவுது. அதுக்கடியில உக்காந்து நான் பனையோலை விசிறறேன். 2012-ல நாளுக்குப் பத்து மணி நேரம் கரண்டு இல்லாமக் கெடந்தப்பவும் அந்தக் காத்தாடி எங்க கண்ணு முன்னாலதான் சுத்துச்சு. கல்யாண ஊட்டுல எலை போடறவனுக்குச் சோறு கடைசி பந்தியிலதான?

அதுக்கு மாடியில பெருசாச் சோலார் போட்டாத் தேவலையேன்னா? போடலாம், நல்லதுதான். 2024-ல வந்த சூரிய ஊடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம் கொடுக்கறாங்க. பில்லு கொறையோணும்னா அதுதான் தடம். ஆனா பேட்டரி இல்லாம லைனோட சேத்த சோலாரு, கரண்டு போனா அதுவும் நின்னுக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரு இதைத் தெரியாமப் போட்டுட்டு, மொத ஷட்டவுன்ல நட்ட நடு மத்தியானம் தகதகன்னு வெய்யலு அடிக்க, இருட்டு ரூம்ல வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஏன் அப்புடின்னா, கம்பத்து மேல ஏறி வேலை பாக்கற லைன்மேனுக்கு உன்ற ஊட்டுக் கரண்டு பின்னால போயி அடிக்கக் கூடாதில்ல? அதுக்குத்தான். உன்ற பொட்டிக்கும் அதே ஞாயம். ரெண்டு பக்கமும் பின்னு வெச்ச ஒயரு பண்ணிச் செவுத்துப் பிளக்குல சொருகி ஊடு முழுக்க ஓட்டறேன்னு எவனாச்சும் சொன்னா, அவனைத் தாட்டி உடு. அது கொலை வேலை. ஃபேனு ஒயரைப் பொட்டியில சொருகு. ஊட்டைப் பொட்டியில சொருகாத.

ஆமா, இதைத் தூக்கிக்கிட்டுக் கூடாரம் போடப் போறேன்னயே, எங்க? அமராவதி டேமு தாண்டி ஒன்பதாறு செக்போஸ்ட்டு, சின்னாறு, மறையூரு வழியாக் காந்தலூரா? பலே. வழியில வண்டியை நிறுத்திக் கூடாரத்தை விரிச்சயின்னா, வனத்துறைக்காரன் உனக்குத் தனி ரூமே கொடுப்பான், கம்பி போட்ட சன்னலோட. அது ஆனைமலைப் புலிகள் காப்பகம், உன்ற மாமியாரூடு இல்ல. காந்தலூர்ல அனுமதி வாங்கிக் கூடாரம் போட்டு வெச்சிருக்கறவங்க எடத்துல தங்கு. அங்கயும் கலர் கலராச் சீரியல் செட்டு போடாத. ஆனைக்கு அழைப்பு வெச்சாத் தாம்பூலம் நீதான் கொடுக்கோணும்.

ஒரு ராத்திரிக் கூடாரத்துக்கு உனக்கு என்ன வேணும்? 5 வாட்டு வெளக்கு 5 மணி நேரம், 25. போனு ரெண்டை ரெண்டு தரம் ரொப்ப, 60. குட்டி ஃபேனு 10 வாட்டு 8 மணி நேரம், 80. காந்தலூர்க் குளுருக்கு அதுவும் எதுக்கோ! எல்லாஞ் சேத்து 165. 300 வாட்டவருப் பொட்டி போதும், எடையும் மூணு நாலு கிலோதான். 1000 வாட்டவருப் பொட்டி பத்துப் பன்னண்டு கிலோவுக்குக் கொறையாது. ஒண்ணே காலடி நீளம், ஒரு அடி ஒசரம் வரும். அதைச் செமந்துக்கிட்டு மலையேறுனா, கரண்டு இருக்கும், உனக்குத்தான் சார்ஜு இருக்காது. எப்புடி அப்புச்சி அடிக்கணக்குச் சொல்றீங்கன்னா கேக்கற? வயசானவனுக்குக் கண்ணே டேப்பு, உடு.

காருல பூட்டி வெய்யல்ல உட்டுட்டுப் போகாத, பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஊட்டி அவலாஞ்சிப் பக்கம் உறைபனியில வெச்சுச் சார்ஜு ஏத்தாத, தண்ணி உறையற குளுர்ல லித்தியத்துக்குச் சோறு ஊட்டுனாச் செரிக்காது. ஏரோப்ளேன்ல கொண்டு போகலாம்னு கனாக் காணாத. 100 வாட்டவருக்கு மேலன்னாக் கம்பெனிக்காரன் சம்மதம் வேணும், 160-க்கு மேல ஏத்தவே உடமாட்டான். சோளத்தட்டுப் போருகிட்ட வெச்சும் சார்ஜு போடாத. பி.ஐ.எஸ். முத்திரை இருக்குதா, வாரண்டி எத்தனை வருசம், ரிப்பேரு ஆனா நம்ம கோயமுத்தூர்ல பாப்பானா, இல்ல கடல் தாண்டி அனுப்போணுமான்னு கேளு. மாட்டுக்கு வைத்தியன் பக்கத்து ஊர்ல இருக்கோணும், சீமையில இருந்தா மாடு பொழைக்குமா?

கணக்கு முடிஞ்சுது. கூடாரத்துக்குச் சின்னது போதும், ஊட்டுக்கு 1000 போதும். ரெண்டு வாங்கக் காசு இல்லைன்னா 1000-ஐ வாங்கு, காரு போற எடத்துக்கு மட்டும் கொண்டு போ.

சும்மா கெடந்தாலும் பேட்டரிக்கு வயசாகும்னு முன்னால பாதியில உட்டனே, இப்ப அதுக்கு வர்றேன். நீ வருசத்துக்கு மூணு தரம் கூடாரம் போவ. மிச்ச நாளெல்லாம் பொட்டி எங்க இருக்கும்? பெங்களூர்ல அலமாரி மேல. அங்க உங்க அப்பார்ட்மெண்ட்டுல கரண்டு போனா ஜெனரேட்டரு கெளம்பிக்கிது. வெய்யலு உள்ள வரவே வராது. பேட்டரி சும்மா கெடந்தாக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். அடி மட்டத்துக்குப் போச்சுன்னா அப்பறம் எந்திரிக்காது. பாதிக்கு மேல ரொப்பி வெச்சு, மூணு மாசத்துக்கு ஒருக்காவாச்சும் எடுத்துக் காலி பண்ணி ரொப்போணும். உனக்கு ஞாபகம் இருக்குமா? உங்கம்மிச்சி பொறந்த நாளே உனக்கு போனு சொல்லித்தான் தெரியுது.

அதனால ஒரு ரோசனை சொல்றேன், எனக்காகன்னு நெனைச்சுக்காத. தோட்டத்துச் சாளை இருக்குதில்ல? அதுக்குத் தெக்கால நாலு தென்னை பட்டுப்போச்சு. வெட்டிட்டேன். இப்ப அங்க காத்தால 9-லருந்து 3 வரைக்கும் ஒரு பொட்டு நெழலு உளுகறதில்ல. தகட்டைக் கீழ விரிக்க வேண்டாம், ஓட்டு மேல இறுக்கிக் கட்டிப்போட்டா ஆடிக்காத்துக்கும் அசையாது. பொட்டி உள்ள நெழல்ல. தெனத்துக்கும் ஊறும், தெனத்துக்கும் எறைப்போம். கட்டுத்தரைக்கு ஒரு பல்பு, எனக்கு ஒரு ஃபேனு, ஒரு ரேடியோ. நீ எப்பக் கூடாரத்துக்குப் போறயோ, அப்ப வந்து எடுத்துக்க. காங்கேயம் மாட்டைப் பூட்டாம வெச்சிருந்தாப் பாவம் கண்ணு. பொட்டிக்கும் புண்ணியம், உனக்கும்...

யாரது பின்னால சிரிக்கிறது? வந்துட்டாளா.

"ஏங்கண்ணு, உங்க அப்புச்சி போன வாரமே ஆசாரியைக் கூப்புட்டுச் சாளைச் செவுத்துல ஒரு பலகை அடிச்சு வெச்சுட்டாரு. எதுக்குங்கன்னு கேட்டேன், சாமி படம் வெக்கன்னாரு. ஒண்ணே காலடி நீளம், ஒரு அடி ஒசரத்துக்கு எந்தச் சாமின்னு நீயே கேளு."

சூரியனும் சாமிதான புள்ளை? நீ போயி மோரு கொண்டா.

சரி, அவ போனதும் சொல்லு. எடை சரியா எத்தனை போட்டிருக்கறான், 12-ஆ, 14-ஆ? ஆசாரி அடிச்ச ஆணி ரெண்டே ரெண்டு.